கூப்பிடாத பெயர்

றொஷேலின் காலில் ஓர் அட்டைகூட இல்லை.

மற்ற எல்லோரையும் அட்டைகள் ஒரு கை பார்த்திருந்தன. மலையிலிருந்து இறங்கி வந்த ஜோன்சன் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, உப்புப் பொட்டலமும் கையுமாக வாசலில் உட்கார்ந்துவிட்டான். அவன் சிநேகிதன் சுரேஸின் சப்பாத்துக்குள் இரத்தம் பிசுபிசுத்தது. சுரேஸின் புதுப்பெண்டாட்டி விஜயலெட்சுமி கிளம்பும்போதே காலெல்லாம் சவுக்காரம் பூசிக்கொண்டு போனவள். அட்டை அவள் கழுத்தைத் தேடிப் போயிருந்தது. ஜோன்சனின் மனைவி மரியகொரட்டியின் கணுக்காலிலும் இரண்டு, கறுப்பாகக் கொழுத்துத் தொங்கின.

ஆனால் றொஷேல் அப்புத்தளைப் பக்கத்து அட்டைகளுக்கெல்லாம் சொந்தக்காரி மாதிரி. கோயில் பூசைக்குப் போய் வந்தால்கூட ஒன்றைக் கூட்டிக்கொண்டு வருவாள். வந்து, வரிசை வீட்டு லயமே கூடிவிடும்படி கத்துவாள். ஏழு வயதுக்கு அவ்வளவு குரல். இன்றைக்கு அவள் சுவர் ஓரமாக நின்று, மற்றவர்கள் அட்டை பிடுங்குவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவுக்கு ஒன்னுமே இல்லையே," என்றாள் விஜயலெட்சுமி.

"அவ ரத்தம் இன்னிக்கு கசந்துபோச்சு போல," என்றான் சுரேஸ். எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளை சிரிக்கவில்லை.

இருட்டுமுன் சுரேஸையும் விஜயலெட்சுமியையும் பெரகலையில் விட்டுவர ஜோன்சன் ஓட்டோவை எடுத்தான். "கரண்டு போனாலும் போகும் கொரட்டி, மெழுகுவத்திய எடுத்து வையி. ஒடனே வந்துர்றேன்," என்றான். ஓட்டோவின் சத்தம் வளைவுகளில் மங்கி மங்கி, கடைசியில் அதுவும் இல்லாமல் போனது. தென்பக்கத்துப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து, தேயிலை நிரைகளை ஒவ்வொன்றாக விழுங்கியது. வீட்டில் தாயும் மகளும் மட்டும்.

மரியகொரட்டி வெந்நீர் எடுத்து வந்து மகளின் காலைக் கழுவினாள். பாதம் ஓடைக் கல்லைப் போல் குளிர்ந்து கிடந்தது. எவ்வளவு தேய்த்தும் சூடு ஏறவில்லை. வெந்நீர்தான் ஆறியது. விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன, நெடுநேரம் தண்ணீரில் ஊறினால் ஆகுமே, அப்படி. இவள் அவ்வளவு நேரமா தண்ணீரில் நின்றாள்? கொஞ்ச நேரம்தானே?

அந்தக் கொஞ்ச நேரத்தை நினைக்காமலிருக்கத்தான் அவள் வெந்நீரே வைத்தாள்.

வருஷா வருஷம் பள்ளி லீவில் அவர்கள் போகிற நடை அது. சோற்றுப் பார்சல், கருவாட்டுப் பொரியல், ப்ளாஸ்க்கில் தேத்தண்ணி. தேயிலைக்கு ஊடாக ஏறி, யூக்கலிப்டஸ் காட்டைத் தாண்டினால் ஒரு பாறையும் பாறைக்குக் கீழே ஓடை தேங்கும் குழியும் இருக்கும். போன வருஷம் அந்தக் குழியில்தான் மூத்தவன் றுஷாந்தன் வழுக்கி விழுந்தான். ஜோன்சன் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கி ஓடினான். அவள் பின்னால் அலறிக்கொண்டே ஓடினாள். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்திருந்தது.

அந்த ஓட்டத்தில் யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

காட்டையோ தண்ணீரையோ விட்டுக் கிளம்பும்போது, கூட வந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, "வா, வீட்டுக்குப் போவோம்" என்று கூப்பிட வேண்டும். பிள்ளை "வர்றேன்" என்று பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு வந்துவிடும், ஆள் அங்கேயே நின்றுவிடும். அந்த லயத்தில் வேதக்காரர், சைவக்காரர் எல்லோருக்கும் இது வழக்கம். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே கண்டித்தார். அதே சாமியார் ஓடையைத் தாண்டி வரும்போது தன் நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைப் பார்த்தவர்களும் உண்டு.

உடம்பைக் கொண்டுவந்து கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம், பிள்ளையை மலையில் விட்டுவிட்டு வந்தோம். ஒரு வருஷமாக மரியகொரட்டியின் நெஞ்சில் இது ஒன்றுதான். மழை பெய்தால் அவன் நனைவான் என்று அழுதாள். ஜோன்சனுக்கு அந்தப் பக்கம் போகவே மனமில்லை. அவள்தான் நச்சரித்து, துணைக்குச் சுரேஸையும் விஜயலெட்சுமியையும் வரவழைத்து, இன்று இந்த நடையை நடத்தினாள். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை.

பகல் நன்றாகத்தான் போனது. கிளம்பும்போது விஜயலெட்சுமி, "ஏங்க, வாங்க போவோம்," என்று புருஷனைக் கூப்பிட, "பேரச் சொல்லித்தான் கூப்பிடணும், இல்லாட்டி இங்கேயே ஒக்காந்துருவேன்," என்று சுரேஸ் அடம்பிடித்தான். அவள் வெட்கத்தோடு அவன் பெயரைச் சொன்னாள். சிரித்துக்கொண்டே அவர்களும் ஜோன்சனும் முன்னால் இறங்கினார்கள். சட்டி கழுவிவிட்டு வருகிறேன் என்று மரியகொரட்டி பின்தங்கினாள்.

குழியைப் பார்த்து நின்று கூப்பிட்டாள். "றுஷாந்தா. வாய்யா, வீட்டுக்குப் போவோம்." மறுபடி கூப்பிட்டாள்.

"வர்றேன்."

உயிரே போய் வந்தது போல் அவள் திரும்பினாள். பாறைக்கு அந்தப் பக்கம், தண்ணீரில் கால் வைத்தபடி றொஷேல் நின்றிருந்தாள். அம்மா கூப்பிடுகிறாளே என்று பதில் சொல்லியிருக்கிறாள், பாவம். மரியகொரட்டிக்கு ஏமாற்றம் ஆத்திரமாகப் பொங்கியது.

"ஒன்னய யாருடி கூப்பிட்டா?"

சொல்லிவிட்டு, பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினாள். வழியெல்லாம் அழுதாள். அந்தக் கை தன் கைக்குள் குளிர்ந்துகொண்டே வந்ததை அவள் கவனிக்கவில்லை.

கரண்டு போய்விட்டது.

மெழுகுவர்த்தியை ஏற்றி மேசைமேல் வைத்தாள். மேசையில் காலையில் வாங்கிய, முதலை வடிவக் கிம்புலா பனிஸ் ஒன்று மீந்திருந்தது. பிள்ளை அதை எடுத்துத் தின்னத் தொடங்கியது. சீனி ஒட்டிய முதுகைத்தான் றொஷேல் முதலில் சுரண்டித் தின்பாள். ஒரு துணுக்கு யாருக்கும் தரமாட்டாள். கேட்டால் நாக்கை நீட்டுவாள். இது தலைப்பக்கத்திலிருந்து ஒழுங்காகத் தின்றுகொண்டு வந்தது. வால் மட்டும் மீந்தபோது நிறுத்தியது. கையை நீட்டியது.

"ஒனக்கு."

வாலை அம்மாவுக்கு வைக்கிறவன் ஒருவன்தான்.

அந்த நொடியில் மரியகொரட்டிக்குப் பயம் வரவில்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும். சந்தோஷம் வந்தது. அவள் தரையில் சரிந்து உட்கார்ந்து அந்தச் சின்ன உடம்பை அப்படியே வாரிக்கொண்டாள். குளிர்ந்த பாதங்கள் இரண்டும் வந்து அவள் கெண்டைக்கால்களுக்கு நடுவில் புகுந்துகொண்டன. தூக்கத்தில் அவன் அப்படித்தான் செய்வான். "எம் புள்ள," என்றாள். "எம் புள்ள வந்துட்டான்." ஈரப் பாசியின் வாடை அவள் மூக்கில் ஏறியது. அதையும் ஆசையாக மோந்தாள்.

அப்புத்தளை ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிய ரெயில் ஊதியது. நீளமாக. அது ஓய்ந்த பிறகு, மேலே, தேயிலைக்கும் மேலே, காட்டுப் பக்கத்திலிருந்து இன்னொரு சத்தம்.

"அம்மா..."

மரியகொரட்டியின் கை நின்றது. மடியிலிருந்த பிள்ளையின் வாயைப் பார்த்தாள். மூடியிருந்தது.

"அம்மா, நீ என்னய கூப்பிடலயே..."

அந்தக் குரலை அவளுக்குத் தெரியாதா? ஒரே ஓர் அட்டைக்கு லயத்தையே கூட்டுகிற குரல். இப்போது அது மெலிந்துபோய், பனிக்குள் தட்டுத் தடுமாறி இறங்கி வந்துகொண்டிருந்தது. தேயிலைச் செடிகள் சலசலத்தன. சிறிய கால்கள். நின்று நின்று. வழி தெரியாத கால்கள்.

"யாரு கூப்பிட்டான்னு கேட்டியே... நா வர்றதா, வேணாமாம்மா?"

ஐயோ, என்ன காரியம் செய்தேன். ஒருத்தனைத் தேடிப் போய் ஒருத்தியை விட்டுவிட்டு வந்திருக்கிறேனே. கூப்பிட வேண்டும். பெயரைச் சொல்லி ஒரு தடவை. அவ்வளவுதான்.

குரல் இப்போது தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில்.

பிறகு வாசலில்.

கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது. பலகையை நகம் சுரண்டியது. கதவு தாழ்ப்பாள் போடாமல்தான் இருந்தது. தள்ளினால் திறக்கும். தள்ளவில்லை. கூப்பிடாமல் வர முடியாது.

"அம்மா, காலெல்லாம் அட்டைம்மா."

மரியகொரட்டி எழுந்தாள்.

"கழுத்துலயும் ஏறுதும்மா. பிச்சு விடும்மா. ஒரே ஒரு தடவ கூப்பிடும்மா. வர்றேன்னு ஒடனே சொல்லிர்றேன்."

அவள் வாயைத் திறந்தாள். "றொ—"

குளிர்ந்த சின்னக் கை ஒன்று அவள் வாயைப் பொத்தியது.

நாற்காலியில் ஏறி நின்றிருந்தது பிள்ளை. றொஷேலின் முகம். றொஷேலின் முடி. கண் மட்டும் அவனுடையது. ஒரு வருஷமாக இருட்டைப் பார்த்த கண்.

"கூப்பிடாதம்மா. கூப்பிட்டா நா போவணும். அங்க ரொம்ப குளுரும்மா."

ஏழு வயதுப் பிள்ளையின் கை. பலமில்லை. ஒரு விரலால் விலக்கிவிடலாம்.

வெளியே அழுகை. பயந்த, கேவுகிற, அம்மாவை மட்டும் நம்பிய அழுகை. "அம்மா... கடிக்குதும்மா..."

கண்ணீர் வழிந்து அந்தக் கையை நனைத்தது. கை சூடாகவில்லை.

வளைவில் ஓட்டோவின் வெளிச்சம் தெரிந்தது. பனியைத் துழாவிக்கொண்டு மேலே ஏறி வந்தது. வாசலில் அழுகை பின்வாங்கியது. பீலிக்கரைக்கு. தேயிலைக்கு. காட்டுக்கு. போகப் போக, "அம்மா" என்ற சொல் மட்டும் மிஞ்சியது.

ஜோன்சன் கதவைத் தள்ளித் திறந்தபோது, மரியகொரட்டி மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். வாயின் மேல் மகளின் சின்னக் கை. பெயர் வெளியே வந்துவிடாதபடி, தன் இரண்டு கைகளாலும் அந்தக் கையை அவள்தான் இறுக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.