இருபது வினாடி

"கையைக் கழுவினீங்களா?"

பயிற்சி அறையில் பொம்மை நோயாளியின் போர்வையைச் சரிசெய்யக் குனிந்தவன் ரோவீனாவின் குரலில் திடுக்கிட்டான். மழையில் நனைந்த அவன் தலைமுடியிலிருந்து நீர் சொட்டியது. கண்கள் மட்டும் சிரித்தன... ஆற்றுத் தண்ணீர் நிறத்துக் கண்கள்.

"கழுவினேனே."

"ஆறு வினாடி. நான் எண்ணினேன். இருபது வேணும்."

மறுபேச்சில்லாமல் போய்த் திரும்பக் கழுவினான். புது மாணவனை மடக்கிவிட்ட பெருமை ரோவீனாவுக்குத் தாங்கவில்லை. ஆசிரியை உள்ளே வந்து, "மதிப்பீட்டுக் குழுவிலிருந்து வந்திருக்கிறார், மிஸ்டர் எல்லரி. இவரும் நர்ஸ்தான்" என்றதும் அவள் இரண்டடி பின்வாங்கினாள்.

அமெரிக்காவின் கென்டக்கி மலைகளுக்குள் இருந்த அந்தச் சின்னக் கல்லூரியின் நர்ஸ் படிப்பு அவன் குழு எழுதும் அறிக்கையில்தான் தொங்கியது. அங்கீகாரம் போனால் சுற்றுவட்டார மருத்துவமனை எதுவும் இவர்களை வேலைக்கு எடுக்காது. ஒன்பது வருடம் சலவைக்கூடத்து ஆவியில் வெந்து, கால் வீங்கி, முப்பத்தோரு வயதில் படிக்க வந்தவள் அவள். திரும்பவும் அந்த ஆவிக்கா?

மதியம், மன்னிப்புக் கேட்டதாக இருக்கட்டும் என்று, தான் செய்த ஆப்பிள் அடுக்குக் கேக்கில் ஒரு துண்டை நீட்டினாள். அவன் அதைத் தொடவில்லை. வேண்டாம் என்று தட்டைத் தள்ளி வைத்தான், பத்துப் பேர் பார்க்க... முகம் எரிந்தது அவளுக்கு. எங்கள் கைச்சோறு இவனுக்கு ஆகாதாமே!

மறுநாள் மாணவர்களிடம் குறை உண்டா என்று அவன் கேட்டான். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள்.

"டிரிப்ஸ் ஏத்துற மெஷின் பன்னெண்டு பேருக்கு ஒண்ணுதான் இருக்கு. எல்லாருக்கும் முறை வரணும்னே எங்க டீச்சர் ஞாயித்துக்கிழமையும் கதவைத் திறந்து வைக்கிறாங்க. ரெண்டையும் எழுதிக்கோங்க."

தோழிகள் தலையில் கைவைத்தார்கள். அவன் எழுதினான். எழுதி முடித்து நிமிர்ந்து பார்த்த பார்வை... அன்றிரவு அவளைத் தூங்கவிடவில்லை. கோபம்தான், வேறென்ன, என்று சொல்லிக்கொண்டாள்.

நான்கு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. முழு அங்கீகாரம், எட்டு வருடத்துக்கு. புது மெஷின்கள் வாங்கக் கல்லூரிக்கு ஆணை. ஆசிரியை மேசையில் தலைகவிழ்ந்து அழுதாள். பன்னிரண்டு பேரும் கத்திய கத்தலில் பொம்மை நோயாளியே எழுந்து உட்கார்ந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து மழையோடு மழையாக ஒருவன் வந்தான். நேரே குழாயடிக்குப் போனான். இருபது வரை சத்தமாக எண்ணிக் கழுவினான்.

"மதிப்பிட வர்றவங்க ஒரு வாய் காபிகூட வாங்கக் கூடாது, ரோவீனா. அதான் அன்னிக்கு... இன்னிக்கு நான் மதிப்பிட வரல. அந்தக் கேக் இருக்கா?"

"நாலு மாசமாச்சு. பூசணம் பூத்திருக்கும்" என்றாள்.

"அறிக்கையில உங்க பேரை எழுதல. எழுத ஆரம்பிச்சா நிறுத்தியிருக்க மாட்டேன். உங்களைப் பிடிச்சிருக்கு. இதைச் சொல்லத்தான் ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தேன்."

அவள் ஈரமான அவன் மணிக்கட்டில் நாடி பிடித்து, கடிகாரத்தைப் பார்த்தாள். அவனும் நர்ஸ்தானே... சிரித்தான்.

"அரை நிமிஷம் பார்த்தா போதாதா?"

"துடிப்பு தாறுமாறா இருந்தா முழு நிமிஷம் எண்ணணும்."

நிமிடம் முடிந்தது. கையை விடவில்லை.

"என்னோடதும் இப்படித்தான் இருக்கு" என்றாள். "நீங்களே எண்ணிப் பாருங்க."