தட்டு வருமுன் போட்ட ஊசி

கை கழுவும் அறையிலிருந்து அவசரமாக வெளியே வந்தவள், எதிரே வந்தவன் மேல் மோதினாள். அவன் கையிலிருந்த ஸ்பேனர் விழுந்து உருண்டது.

“கண்ணு தெரியலையா?”

“தெரியுதுங்க... அவ்ளோ பெரிய கண்ணு ரெண்டு திடீர்னு எதிர்ல வந்தா, ஆளு தடுமாற மாட்டானா?”

ரெஸ்டாரன்ட்டுக்குக் காபி மெஷின் ரிப்பேர் பண்ண வந்தவனுக்கு என்ன வாய்! முறைத்துவிட்டுப் போய் மேஜையில் உட்கார்ந்தாள். கைப்பைக்குள் இன்சுலின் ஊசிப் பேனாவை இன்னும் ஆழமாகத் தள்ளினாள். ‘தட்டு முன்னால வந்தப்புறம் போட்டுக்கங்க’ என்பது டாக்டர் சொன்னது. ‘மாப்பிள்ளை கண்ணுல பட்டுடக் கூடாது’ என்பது அம்மா சொன்னது. அம்மா பேச்சைக் கேட்டு, முழுச் சாப்பாட்டுக்கான அளவைக் கை கழுவும் அறையிலேயே முன்கூட்டிப் போட்டாயிற்று.

போன் அடித்தது. பெண் பார்க்க வரும் மாப்பிள்ளைதான். மழையில் மாட்டிக்கொண்டாராம்... இன்னும் நேரமாகுமாம்.

அவர் வருமுன் சாப்பிட உட்கார்ந்தால் என்ன நினைப்பார்? கூச்சம் தடுத்தது. ஜன்னலில் மழை வழிந்தது... கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணுக்கு எல்லாமே வழிந்தது. ஏசியிலும் வேர்த்தது. விரல்கள் நடுங்கின. ஐயோ... சர்க்கரை இறங்குகிறது! பையைத் துழாவினாள். மிட்டாய் பழைய பையிலேயே தங்கிவிட்டது. இன்று அழகுக்காக எடுத்து வந்தது புதுப் பை.

“கோபம் போச்சா?” அவன் ஒரு கோப்பையை நீட்டினான். “மெஷின் ரெடி. முதல் காபி உங்களுக்குத்தான். ஆனா சர்க்கரை போடக்கூடாது... ருசியே போயிடும்!” சொல்லிக்கொண்டே மேஜையிலிருந்த சர்க்கரைக் கிண்ணத்தை அப்பால் வைக்கக் கையில் எடுத்தான்.

வெடுக்கென்று அதைப் பிடுங்கினாள். ஸ்பூன் ஸ்பூனாக வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

“என்னங்க, எறும்பு கூட இப்படி...” அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றுபோனது.

“எனக்கு... சர்க்கரை நோய். ஊசி போட்டுட்டு சாப்பிடல. பயமா இருக்கு... போயிடாதீங்க.”

வெளியாள் யாரிடமும் சொல்லாத வார்த்தை. அவன் உட்கார்ந்துவிட்டான். சாப்பாட்டை உடனே கொண்டுவரச் சொல்லிச் சத்தம் போட்டான். நடுக்கம் அடங்கும்வரை அவள் முகத்தை விட்டு அவன் கண் நகரவில்லை.

அப்போதுதான் மாப்பிள்ளை குடையை உதறிக்கொண்டு வந்தார். “யார் இவர்? உங்களுக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல சார்,” அவன் எழுந்தான். “காபி எப்படி இருக்குன்னு கேட்டேன், அவ்ளோதான்.”

அவளுக்காகப் பொய் சொல்கிறான்! தலையாட்டினால் போதும், கல்யாணம் நடந்துவிடும்... அப்புறம் வாழ்நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு ஊசி.

“அது பொய்,” என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

மாப்பிள்ளை நாசூக்காகச் சிரித்தார். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லி, மறுபடி மழையில் இறங்கினார்.

“என்னால உங்க சம்பந்தம் கெட்டுப்போச்சே... மன்னிச்சிடுங்க. நான் கிளம்பறேன்.”

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். “போயிடாதீங்கன்னு சொன்னேனே... அது மயக்கத்துல சொன்னதுன்னு நெனைச்சீங்களா? இப்போ தெளிவாத்தான் இருக்கேன். போயிடாதீங்க.”

அவன் ஸ்பேனரை மேஜைமேல் வைத்தான்.

“போன்னாலும் போக மாட்டேன். மோதினப்பவே எனக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு. ஆனா ஒண்ணு... அடுத்த தடவை தட்டு வந்தப்புறம், என் எதிர்லயே போட்டுக்கணும். சரியா?”

அவள் கைப்பையைத் திறந்து, பேனாவை எடுத்து, ஸ்பேனர் பக்கத்தில் வைத்தாள்.