புரையேறிய வேன்

இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கற்பூரம் ஏற்றி, அதன்மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். சுடும் என்பதால் கையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருக்கிறேன். இருந்தாலும் அது சத்தியம்தான்.

எங்கள் ஊர் நடுக்காட்டுப்புதூர். மேட்டுப்பாளையத்திலிருந்து சத்தியமங்கலம் போகிற சாலையில், பாக்குத் தோப்புகள் முடிகிற இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து எட்டு கிலோமீட்டரில் பள்ளிக்கூடம். பிள்ளைகளை ஏற்றிப்போக ஒரு மஞ்சள் வேன் உண்டு. அதை ஓட்டுகிறவர் தனபால்.

தனபாலைப் போல மரியாதை தெரிந்த மனிதரைப் பார்க்க முடியாது. எருமை வழியில் நின்றால் ஹாரன் அடிக்க மாட்டார். இறங்கிப் போய், "ஏனுங்க, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்பார். எருமையும், "ஆகட்டுங்க" என்று தள்ளிக்கொள்ளும். என் காதால் கேட்டிருக்கிறேன்.

வேன்மேல் அவருக்கு உயிர். மாலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் நேராக ஊர்ப் பள்ளத்துக்கு ஓட்டிப்போவார். எங்கள் பக்கத்தில் ஓடையைப் பள்ளம் என்போம். வேனின் வயிறு முழுகுகிற அளவுக்குத் தண்ணீரில் இறக்கி நிறுத்தி, தேங்காய் நாரால் தேய்த்துக் குளிப்பாட்டுவார்.

அப்படிச் சீராட்டிய வேனுக்கு ஒரு நோய் வந்தது. ஓடும்போது 'கரகர' என்று ஒரு சத்தம். அப்புறம் கியர் விழாது.

கியர் பாக்ஸைக் கழற்றி, கோயமுத்தூர் உக்கடத்தில் பட்டறை வைத்திருக்கும் கலீல் ரஹ்மானுக்கு அனுப்பினார்கள். அவர் தேய்ந்துபோன பற்சக்கரத்தையும் பேரிங்கையும் மாற்றினார். அவரே பள்ளிக்கூடத்துக்கு வந்து மாட்டி, பிள்ளைகள் வேடிக்கை பார்க்கப் புது எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனார்.

நாற்பதாவது நாள் மறுபடியும் கரகர. மறுபடியும் உக்கடம்.

"கண்ணு பட்டுருச்சுங்க" என்றார் தனபால். முன்னால் எலுமிச்சம்பழம் கட்டினார். திருஷ்டி கழியட்டும் என்று வேனைத் தினமும் இரண்டு வேளை குளிப்பாட்டினார்.

பள்ளித் தாளாளர் திருமூர்த்தி மீசையைத் தடவினார். "தனபாலு, மூணாவது வாட்டியும் கியர் பாக்ஸ் போச்சுன்னா, உங்களுக்கு ஓட்டத் தெரியலீன்னுதானுங்க அர்த்தம். நாங்க வேற டிரைவரைப் பாத்துக்கறோம்."

இதைக் கேட்டு ஐந்தாம் வகுப்பு சைத்ராவுக்கு மதியச் சோறு இறங்கவில்லை. தினமும் காலையில் ஒரு பக்கம் மட்டும் சடை பின்னிக்கொண்டு ஓடி வருபவள் அவள். "மெதுவா வாங்க அம்மணி, இன்னொரு சடையும் முடிஞ்சுட்டே வாங்க, வேன் எங்கயும் போயிராது" என்று நிறுத்திவைப்பவர் தனபால். வேறு டிரைவர் வந்தால் ஒற்றைச் சடையோடுதான் பள்ளிக்கூடம்.

மூன்றாவது முறை நோய் புது மாதிரியாக வந்தது. ரிவர்ஸ் கியர் மட்டும் விழுந்தது. சொல்லப் பயந்துபோன தனபால், நான்கு நாள் வேனைப் பின்பக்கமாகவே ஓட்டினார். பிள்ளைகள் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள்.

பள்ளிக்கூட வாசலில் டீக்கடை வைத்திருக்கும் சின்னான், "ஏனுங்க தனபாலு, நீங்க வாறீங்களா, போறீங்களா?" என்று கேட்டார்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார் தனபால்.

தாளாளர் ஜன்னல் வழியாக ஒரு தடவை பார்த்தார். உடனே மேட்டுப்பாளையம் போய் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்தார். நான்காம் நாள் டீசல் டேங்கில், போட்டதைவிட இரண்டு லிட்டர் அதிகமாக இருந்தது. பின்னால் ஓட்டினால் அப்படித்தான் ஆகும்.

ஐந்தாம் நாள் காலை, பள்ளி வாசலில் ரிவர்ஸும் விழவில்லை. வேன் அசையாமல் நின்றது.

தாளாளர் வெளியே வந்தார். "பாயை வரச் சொல்லியிருக்கறேன். சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரியோணும். இல்லீன்னா சாவியைக் குடுத்துப்போட்டுக் கெளம்பீருங்க."

மதிய இடைவேளையில் சைத்ரா வேனிடம் ஓடினாள். தனபால் கியர் பாக்ஸ் எண்ணெயை ஒரு வாளியில் வடித்திருந்தார். பக்கத்தில் ஒரு டின் மண்ணெண்ணெயும் வெள்ளைத் துணியும் இருந்தன.

"என்ன பண்றீங்கண்ணா?"

"பாய் வாராருங்க அம்மணி. அவரு கை அழுக்காகக் கூடாதில்லீங்களா? இந்த எண்ணெயைக் கொட்டிப்போட்டு, மண்ணெண்ணெய் விட்டுச் சுத்தமாக் கழுவி வெச்சுடலாம்னு."

"முன்னால ரெண்டு தடவையும் கழுவித்தான் அனுப்புனீங்களா?"

"பின்னே? கழுவாத பாத்திரத்தை யாராச்சும் அடுத்தவங்க கையில குடுப்பாங்களா?"

சைத்ரா வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"அண்ணா, அன்னிக்குப் பாய் ஊத்துனது தேன் மாதிரி இருந்துச்சு. இது டீ மாதிரி இருக்குது. நடுவுல யாரு பால் ஊத்துனது?"

"பழசாயிட்டா நெறம் மாறுங்க" என்று தனபால் வாளியைத் தூக்கினார்.

சைத்ரா குறுக்கே கையை விரித்து நின்றாள். "கொட்டாதீங்க! கழுவாதீங்க! டாக்டர்கிட்டப் போறப்பக் காய்ச்சலை ஊட்டுலயே வெச்சுட்டா போவாங்க?"

தனபாலுக்கு எருமையிடமே எதிர்த்துப் பேசத் தெரியாது. சைத்ராவிடம் எப்படிப் பேசுவார்? வாளியைக் கீழே வைத்தார்.

அரை மணி நேரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார் கலீல் பாய். வாளியைப் பார்த்ததும் அவருடைய புருவம் தொப்பி வரைக்கும் ஏறியது.

"தனபாலண்ணே, இதை ஏனுங்க இத்தனை நாளா எனக்குக் காட்டல?"

"அழுக்குங்களே, பாய்."

"ரெண்டு வாட்டியும் கல்யாணப் பொண்ணாட்டம் குளிப்பாட்டித் துண்டு சுத்தி அனுப்புனீங்க. நான் எதைப் பாத்து என்னன்னு கண்டுபுடிப்பேன்?"

சின்னான் கடையிலிருந்து ஒரு பழைய தோசைக்கல் வந்தது. பாய் அதைச் சூடாக்கி, வாளி எண்ணெயில் ஒரு சொட்டை எடுத்து அதன்மேல் விட்டார். கடுகு தாளித்தது போல அது 'சடசட' என்று வெடித்தது.

"எண்ணெயில தண்ணி!" என்று சைத்ராவும் பாயும் ஒன்றாகச் சொன்னார்கள்.

"உனக்கு எப்படித் தெரியும் அம்மணி?" என்றார் பாய்.

"ஈரக் கரண்டிய எண்ணெய்ச் சட்டியில உட்டா எங்கூட்டுல இப்படித்தான் கத்தும்."

"எண்ணெயா, அம்மாவா?"

"மொதல்ல எண்ணெய். அப்புறம் அம்மா."

ஆனால் தண்ணீர் எப்படி உள்ளே வந்தது? பாய் ரேடியேட்டரைத் திறந்து பார்த்தார். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குறையவில்லை. மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது. சத்தம் கேட்டுத் தாளாளரும் வந்து நின்றார்.

பாய் வேனுக்கு அடியில் படுத்து, கியர் பாக்ஸின் தலையில் இருந்த ஒரு சின்ன ஓட்டையைக் காட்டினார். "இதுதான் இதோட மூக்கு. வண்டி ஓடிச் சூடாச்சுன்னா இது வழியாக் காத்தை வெளிய உடும். குளுந்துச்சுன்னா உள்ள இழுக்கும்."

சைத்ரா தன் டிபன் பாக்ஸை நினைத்தாள். அம்மா சுடச்சுட உப்புமா போட்டு மூடிக் கொடுப்பாள். மதியம் ஆறிப்போனதும் மூடி உள்பக்கமாக இழுத்துக்கொள்ளும். திறக்கவே வராது.

சூடு. அப்புறம் குளிர். அப்புறம் இழுப்பு.

அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தவள் தனபாலைப் பார்த்து மூடிக்கொண்டாள். சொன்னால் அண்ணாவின் வேலை போய்விடுமே!

"சொல்லு கண்ணு" என்றார் தாளாளர்.

சைத்ரா வேனைக் கை காட்டினாள். "மொதல்ல வேனுக்குள்ள ஒட்டியிருக்கற விதியைப் படிங்கய்யா. நாலாவது."

தாளாளர் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். "வாகனத்தைத் தினமும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். இப்படிக்கு, திருமூர்த்தி, தாளாளர். ஆமா, நான் எழுதுனதுதான். அதுக்கென்ன?"

"நீங்க சொன்னபடிதானுங்க அண்ணா செஞ்சாரு. ஓடுன சூட்டோட வேனைப் பள்ளத்துல எறக்குனாரு. கியர் பாக்ஸ் சில்லுன்னு ஆனதும் மூச்சை இழுத்துச்சு. ஆனா மூக்கு தண்ணிக்குள்ள இருந்துச்சு. அதுக்குப் புரையேறிப் போச்சுங்கய்யா."

எல்லோரும் தாளாளரின் மீசையைப் பார்த்தார்கள். அது முதலில் ஒரு பக்கம் ஆடியது. பிறகு இரண்டு பக்கமும் ஆடியது. கடைசியில் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்ப வண்டியைக் கெடுத்தது நானும்தானுங்களா!" பேனாவை எடுத்து, 'தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும்' என்பதை அடித்தார். 'ஈரத் துணியால் துடைக்க வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "தனபாலு, சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

தனபால் வேனைத் தொட்டு, "மன்னிச்சுக்குங்க, தெரியாமப் பண்ணிப்போட்டேன்" என்றார். வேன் ஒன்றும் சொல்லவில்லை. எருமை அளவுக்கு அதற்கு மரியாதை தெரியாது.

பாய் உள்ளே இருந்த தண்ணீரையெல்லாம் போக்கி, துருப்பிடித்த பேரிங்குகளை மாற்றினார். அந்த மூக்கு ஓட்டையில் நீளமான ரப்பர் குழாய் ஒன்றை மாட்டி, அதன் நுனியை உயரத் தூக்கிக் கட்டினார்.

நாற்பது நாள் போனது. எண்பது நாளும் போனது. கரகர சத்தம் வரவே இல்லை.

இப்போதும் காலையில் சைத்ரா இரண்டு சடையோடு வருகிறாள். ஏறுவதற்கு முன்னால் எக்கி நின்று, புரையேறியவர்களுக்குத் தட்டுவது போல வேனின் தலையில் இரண்டு தட்டுத் தட்டுகிறாள். வேனும் இருமாமல் கிளம்புகிறது.

கடைசியாக ஒரு தகவல். எங்கள் ஊர்ப் பள்ளத்தில் தண்ணீர் ஓடியது, முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் ஐந்தாம் வகுப்பு படித்ததோடு சரி. இருந்தாலும் நான் செய்தது சத்தியம்தான்.