முந்தி வந்த எதிரொலி

ஜூலியஸ் கம்பியைத் தொடவே இல்லை. அதற்குள் ஹெட்போனில் எதிரொலி கேட்டது.

கை அப்படியே நின்றது. கித்தாரிலிருந்து, எதிரொலி தரும் எக்கோ பெட்டிக்கு ஓர் ஒயர், பெட்டியிலிருந்து கேசட் ரெக்கார்டருக்கு ஓர் ஒயர். இரவல் சாமான்தானே, எங்கோ லூசாக இருக்கும் என்று இரண்டையும் பிடுங்கி, சட்டையில் துடைத்துச் செருகினான். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்து வாடை ஈரத்தோடு சன்னல் வழியாக நுழைந்து, தோட்டத்து வீட்டின் சின்னக் கூடத்தில் தங்கியது. தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கம், காய்ச்சல் விட்டு மகள் மரியா தூங்கிக்கொண்டிருந்தாள்.

கோயிலுக்குப் புறப்படும்போதே அக்கா ரூத் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

“பெரிய வெள்ளிடா தம்பி. கோயில்லயே மணி அடிக்காம மரக்கட்டையத் தட்டுறாங்க. இன்னிக்குப் போயி கித்தாரத் தொடுறியே!”

“நாளைக்கு அலோர் ஸ்டார் டவுன் பேண்டுக்காரன் கையில கேசட் இருக்கணும்க்கா. இந்த வேலையும் போச்சுன்னா கேதரினோட அண்ணன் மரியாவ யான் ஊருக்குத் தூக்கிட்டுப் போயிருவாரு. கேதரின்தான் என்னையும் புள்ளையையும் விட்டுட்டுச் செத்துப் போயிட்டா. இவளையும் விடச் சொல்றியா? வேற வழியே இல்ல லா.”

அக்கா சிலுவை போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுபடி பதிவுப் பொத்தானை அழுத்தினான். ஹெட்போனில் டக், டக், டக் என்று மரக்கட்டைச் சத்தம். கோயில் கட்டை! மைக்கே இல்லாமல் அது எப்படி உள்ளே வரும்? பதறி ஹெட்போனைக் கழற்றினான். வெளியே மழை மட்டும். மூச்சு விடுவதற்குள், தூரத்தில், கோயில் பக்கமிருந்து, டக், டக், டக்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்று சிரித்துத் தள்ளப் பார்த்தான். அத்தோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம், பாவி. கேசட் வேண்டுமே! மறுபடி காதில் மாட்டினான்.

தகர டம்ளர் விழுந்து உருளும் சத்தம். மேசையைப் பார்த்தான். டம்ளர் அசையாமல் இருந்தது. திடுக்கிட்டு எழுந்தபோது முழங்கை பட்டது. விழுந்து உருண்டது. அதே சத்தம்.

முதலில் பெட்டியில் கேட்கிறது. பிறகு நடக்கிறது.

அப்போது ஹெட்போனில் மரியா அலறினாள். அலறல் பாதியில் அறுந்தது. அதற்குப் பின்னால் ஓர் ஆணின் அழுகை. கேதரினைப் புதைத்த அன்று அவன் அழுத அதே அழுகை.

“மாதாவே!”

துணியைக் கிழித்துக்கொண்டு ஓடினான். மரியா தூங்கிக்கொண்டிருந்தாள். நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. மடியில் அள்ளிக்கொண்டான். அலறல் வரக்கூடாது. அது வராவிட்டால் அடுத்ததும் வராது. அவ்வளவுதான்.

“சத்தம் போடாத கண்ணு. அப்பாதான். சத்தம் மட்டும் போட்டுராத.”

மரியா கண் விழித்தாள். அவன் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். வாய் திறந்தது.

அலறல் கிளம்பியது. அவன் கை அதன்மேல் விழுந்தது. அமுக்கினான். இன்னும் அமுக்கினான். சின்னக் கால்கள் அவன் தொடையை உதைத்தன. பிறகு உதைக்கவில்லை.

கூடத்தில் கேசட் சுற்றிக்கொண்டிருந்தது. அழுகை இன்னும் வரவில்லை. அவன் கையை எடுக்கவில்லை.