ஆறு மணி, இடப்பக்கம்

மார்ச் 11, செவ்வாய்

நேற்று ஒரு தவறு செய்தேன். அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்காமலேயே, வைத்ததாகச் சார்ட்டில் எழுதிவிட்டேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. தானாகப் புரள முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இடப்பக்கம், மல்லாந்து, வலப்பக்கம் என்று மாற்றிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். அதற்காக அம்மா கோடு போட்டுத் தயாரித்த சார்ட், அவர் அறைக் கதவில் தொங்குகிறது. நேரம், பக்கம், கையெழுத்து.

அம்மா முப்பத்து நாலு வருடம் அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸ். வீட்டுக்கும் அவள்தான் தலைமை. அண்ணன் அவளை 'மேட்ரன்' என்பான். யார் எத்தனை மணிக்கு எழ வேண்டும், சித்தப்பா எப்போது சிகரெட்டை விட வேண்டும், எந்தச் சண்டை எத்தனை நாளுக்குள் முடிய வேண்டும், எல்லாம் அவள் சொல்படிதான். அவள் இறந்து பத்தொன்பது நாள் ஆகிறது. நான் இன்னும் அழவில்லை.

நேற்று நான் பாடம் எடுக்கும் வரைபட வகுப்புக்குத் தாமதமாகிவிட்டது. ஐந்தே முக்காலுக்கு, 'ஆறு மணி, இடப்பக்கம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். மல்லாந்து படுத்திருந்த அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

எட்டேகாலுக்குத் திரும்பினேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே மருந்து சோப்பின் வாசனை. அம்மா கை கழுவுகிற சோப்பு. அது தீர்ந்து ஒரு வாரம் ஆகிறது.

அப்பா இடப்பக்கமாகப் படுத்திருந்தார்.

முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. முதுகுக்குப் பின்னால் இன்னொன்று, முக்கோணமாக மடித்துச் செருகப்பட்டிருந்தது. எனக்கு அப்படி மடிக்க வராது. அம்மா பலமுறை காட்டியும் வரவில்லை.

நானே திருப்பிவிட்டு மறந்திருக்கலாம். அவசரத்தில் கை தானாகவே சரியாக மடித்திருக்கலாம். இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 12, புதன்

சோதித்துப் பார்த்தேன். செய்திருக்கக் கூடாது.

பிற்பகல் இரண்டு மணிக்கு, 'வலப்பக்கம்' என்று எழுதினேன். அப்பாவைத் தொடவில்லை. கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டில் ஒரு முறை முனகியது.

பிறகு ஒரு பெருமூச்சு. கனமான எதையோ நகர்த்தி முடித்தவர் விடுகிற மூச்சு.

எழுந்து போய்ப் பார்த்தேன். அப்பா வலப்பக்கமாகப் படுத்திருந்தார். போர்வையை விலக்கிக் கால்களைப் பார்த்தேன். சிவந்திருக்கும் குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுப்பது அம்மாவின் வழக்கம். அழுத்திய இடம் வெளுத்து, ஒன்றிரண்டு விநாடியில் மறுபடி சிவந்தால் தோல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

அப்பாவின் குதிகாலில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைத் தடம் இருந்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சிவந்து மறைந்தது.

"வந்தா," என்றார் அப்பா. அவருக்கு மிஞ்சியிருப்பது பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான்.

"யாரு வந்தாங்க?"

இது ஒரு கேள்வியா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

நான் பயப்படவில்லை. பயம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன், வரவில்லை. நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் சேர்த்து எழுதிவிட்டு வகுப்புக்குப் போனேன். முதல்முறையாகப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அதை நினைத்துச் சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

காலையில் அம்மாவின் வார்டிலிருந்து ஜூனியர் நர்ஸ் அக்கா போன் செய்தார். வார்டில் நினைவுக் கூட்டம் வைக்கிறார்களாம். அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்.

"என்ன எழுதணும்னு தெரியலக்கா."

"நான் ஒண்ணு சொல்றேன், எழுதிக்கோ. வேலைக்குச் சேர்ந்த புதுசு. எட்டு பேஷன்ட்டையும் திருப்பிப் போட்டதா பொய்யா சார்ட் எழுதிட்டு உட்கார்ந்திருந்தேன். உங்கம்மா டியூட்டி முடிஞ்சு பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. சார்ட்டைப் பார்த்தாங்க. பையைக் கீழ வச்சாங்க. எட்டுப் பேரையும் ஒத்த ஆளா திருப்பிட்டுத்தான் வீட்டுக்குப் போனாங்க."

"திட்டலையா?"

"திட்டியிருந்தா அன்னிக்கே மறந்திருப்பேன். 'எழுதினது பொய்யாகக் கூடாதும்மா'ன்னு மட்டும் சொன்னாங்க. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே படி இறங்கினாங்க."

போனை வைத்த பிறகு வெகுநேரம் சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளில் நான்கு பொய்கள். நான்கிலும் என் கையெழுத்து.

பன்னிரண்டு மணிக்கு நானே திருப்பினேன். இரண்டுக்கும் நாலுக்கும் நானே. கை வலித்தது.

ஐந்து மணிக்கு அண்ணன் வந்தான். அப்பாவை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு செய்திருக்கிறான். அங்கிருந்து நாளை ஆள் வந்து பார்ப்பார்களாம்.

"ஏ வாத்தியாரம்மா, சார்ட் எங்க? அதைத்தான் முதல்ல கேப்பாங்களாம்." கதவிலிருந்து எடுத்துக் கூடத்து மேசையில் வைத்துப் புரட்டினான். "என்னடி இது, பல்லு விழுந்த வாய் மாதிரி அங்கங்க ஓட்டை?"

"விடியக்காலையில நான் தூங்கிட்ட நாளெல்லாம்."

"இப்படிக் காட்டினா புண்ணு இருக்குன்னு நினைச்சு எடுத்துக்க மாட்டாங்க. பேனாவைக் கொடு."

நான் கொடுக்காமல் கை கழுவப் போனேன். அவன் சட்டைப் பையிலேயே பேனா இருந்திருக்கிறது. திரும்பி வந்தபோது காலியாக இருந்த பதினோரு கட்டங்களையும் நிரப்பி முடித்திருந்தான். இடம், மல்லாந்து, வலம். இடம், மல்லாந்து, வலம்.

"அண்ணா, என்ன பண்ணிட்ட."

"கட்டம் நிரப்பினேன். இதுக்கு ஏன் இப்படி முழிக்கிற?"

உள்ளே கட்டில் முனகியது.

அண்ணன் தலையை நிமிர்த்தினான். "அப்பா புரள்றாரா?"

"அப்பாவால புரள முடியாது."

மறுபடி முனகியது.

பாதி திறந்திருந்த கதவு வழியாக அப்பாவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. விரல்கள் ஜன்னலைப் பார்த்திருந்தன. பிறகு கூரையைப் பார்த்தன. பிறகு சுவரை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் நடுவே தலையணையைத் தட்டி மடிக்கும் சத்தம். அதற்குப் பிறகு அந்த மூச்சு.

மூச்சு ஒவ்வொரு முறையும் நீண்டது.

ஜன்னல். கூரை. சுவர்.

ஏழாவது முறை மூச்சு பாதியில் நின்று, மெல்லிய முனகலாக முடிந்தது. அது அப்பாவின் குரல் அல்ல.

"போதும்," என்றார் அப்பா உள்ளிருந்து. "பாவம்."

அண்ணன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கையிலிருந்த பேனாவை எடுத்தேன். சார்ட்டில் தவறாக எழுதியதைக் கிறுக்கி மறைக்கக் கூடாது, ஒரே கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும் என்பாள் அம்மா. அவன் நிரப்பியதில் எட்டாவது வரியை அப்படி அடித்தேன். ஒன்பதாவது. பத்தாவது. அவசரத்தில் பதினோராவது கோடு வளைந்துவிட்டது.

கட்டிலின் முனகல் நின்றது.

கடியாரம் ஓடும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அடித்தது போக மீதி ஏழு வரிகளையும் அடித்தேன். என்னுடைய நான்கையும் அடித்தேன்.

"நாளைக்கு ஆள் வருமே," என்றான் அண்ணன் மெதுவாக.

"வரட்டும். விட்டதை விட்டதுன்னே சொல்லிக்கலாம்."

அவன் வாசல்படியில் போய் உட்கார்ந்தான். நான் வகுப்புக்குப் போகவில்லை.

சரியாக ஆறு மணிக்கு அப்பாவின் அறைக்குப் போனேன். அவர் நெற்றி வியர்த்திருந்தது. துடைத்தேன். இடுப்புக்கடியில் குறுக்காகப் போட்டிருக்கும் விரிப்பை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்தேன். "நான்தாம்மா பண்றேன். நீ போ," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதுபோலக் கேட்டது.

இழுத்தேன். அப்பா நகரவில்லை. பன்னிரண்டு மணியிலிருந்து இழுத்து இழுத்துக் கையில் வலு இல்லை.

இன்னொரு முறை இழுத்தேன்.

கட்டிலின் மறுபக்கத்தில், யாரும் இல்லாத பக்கத்தில், விரிப்பின் விளிம்பு தானாகச் சுருண்டு இறுகியது. அப்பா லேசாகி, இடப்பக்கமாகத் திரும்பினார்.

நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தலையணையை மடித்துச் செருகினேன். சரியாக வரவில்லை. அப்படியே விட்டேன்.

பாதிதான் நான் செய்தது. முழுதாகக் கையெழுத்துப் போடலாமா என்று தெரியவில்லை. போட்டேன்.

நாளை: காலை ஆறு மணிக்கு அப்பாவை வலப்பக்கம் திருப்ப வேண்டும். திருப்பிய பிறகு எழுத வேண்டும்.