அடுத்த சுரம்

அவர்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்தபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. வண்டிக்காரர் கடைசி அலமாரியையும் இறக்கி வைத்துவிட்டுப் போனார். நெடுநாள் பூட்டிக் கிடந்த வாடகை வீடு, கணவர் தேடிப் பிடித்தது. கீழே எல்லாச் சுவரிலும் ஈரவாடை. மாடியறையில் மட்டும் வேறொரு வாசனை, வயலின் வில்லுக்குத் தேய்க்கிற பிசினைப் போல. பழைய மர ஜன்னல் அப்படித்தான் மணக்கும் என்றார் கணவர்.

அவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவர். அவள் அங்கே வயலின் வாசிப்பவள். அங்கே பழகித்தான் கல்யாணம். அவருக்கு இது இரண்டாவது. முதல் மனைவி ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லியிருந்தார். பாவம், அவளுக்குச் சங்கீதம் என்றால் காதே கிடையாது என்றும் ஒருமுறை சொன்னார். இவளுக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை.

கூடத்தில் இவளுக்குப் பட்டப்பெயர் ஜெராக்ஸ். தாளில் எழுதி வைத்ததை ஒரு பிசகில்லாமல் வாசிப்பாள். தாளை எடுத்துவிட்டால் கை ஓடாது.

மாடியறையில் உட்கார்ந்து மனசு போன போக்கில் வாசித்துப் பார் என்று கணவர்தான் தூண்டினார். தப்பாக வந்தால் வரட்டும், யார் கேட்கப்போகிறார்கள் என்றார்.

ஒரு மத்தியானம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுரத்தை இழுத்தாள். அடுத்தது என்ன என்று தெரியவில்லை. இருட்டில் படி இறங்குகிறவள் காலை நீட்டித் துழாவுவது போல விரல் தந்தியின் மேல் தயங்கி நின்றது. பிறகு இறங்கியது. அங்கே படி இருந்தது. அதற்கடுத்ததும் இருந்தது. பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. பின்கழுத்து சூடாயிற்று. தன் கை வாசிப்பதைத் தானே ஓரமாக நின்று கேட்பது போலிருந்தது. வில்லைத் தந்தியிலிருந்து எடுத்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது.

இது யாரும் எழுதித் தந்ததல்ல. என்னுடையது.

அதன்பிறகு தினமும் வாசித்தாள். கணவர் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்பார். அவர் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து, இந்த வயதில் இப்படி ஒருவர் தனக்குக் கிடைத்தாரே என்று நினைத்துக்கொள்வாள்.

பிறகு ஒரு நாள், நல்ல மழை. கரண்ட் போய் அறை பகலிலேயே இருண்டிருந்தது. வாசித்துக்கொண்டிருந்தவள் பாதியில் வில்லைத் தூக்கி நிறுத்தினாள். எந்தப் பக்கம் போவது என்று அவளுக்கே இன்னும் பிடிபடவில்லை.

படியிலிருந்து கணவர் மெல்ல முணுமுணுத்தார். நாலைந்து சுரம்.

அவள் வில் தானாக இறங்கி, அதையே வாசித்தது.

அவள் இன்னும் வாசிக்காதது அது.

அவளுக்கே தெரியாதது.

வேண்டுமென்றே வேறு பக்கம் திருப்பப் பார்த்தாள். விரல் கேட்கவில்லை. நகத்தின் மேல் ஏதோ அழுத்தியது. சில்லென்று, மெத்தென்று, இன்னொரு விரல் நுனி.

அவள் வில்லைக் கீழே போட்டாள். படியில் இருந்த கணவரை ஒதுக்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனபின், இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று நினைத்தவள் எப்படியோ மாடியில் வாசித்துக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டு இறங்கி வந்தால் வாசலில் நாத்தனார் நின்றிருந்தாள். கணவரின் அக்கா. கல்யாணத்துக்கே வராதவள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"இதை எங்க கத்துக்கிட்ட?"

யாரிடமும் கற்கவில்லை, தானாக வருகிறது என்றாள்.

நாத்தனார் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள். "இது அவன் மொத பொண்டாட்டி வாசிக்கிறது. இடதுகைக்காரி, வலது தோள்லதான் வயலினை வைப்பா. இந்த வீட்ல குடியிருந்தப்ப தினமும் அந்த மாடி ரூம்லதான் வாசிப்பா. வில்லு கையில இருக்கும்போதே விழுந்துட்டா. அவன் உங்கிட்ட சொல்லவே இல்லையா?"

சாயங்காலம் கணவரிடம் கேட்டாள். அவர் மறுக்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நிதானமாகவே பேசினார்.

"நீ வாசிக்கிறப்ப அவ வர்றா. கொஞ்ச நேரம்தான். அதுல உனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

"அதுக்குத்தான் என்னைக் கட்டிக்கிட்டீங்களா?"

கூடத்தில் இவளைவிட நன்றாக வாசிக்கிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு என்றார். ஆனால் அவரவருக்கு ஒரு பாணி இருக்கிறதாம், அது குறுக்கே வந்து நிற்குமாம்.

"உங்கிட்ட உன்னோடதுன்னு எதுவும் இல்ல. அதனாலதான் நீ."



அப்போது மாடியில் ஒரு தந்தி ஒலித்தது.

மாடியில் யாரும் இல்லை.

அவர் முகம் மேலே திரும்பியது. கண் கலங்கியது. இத்தனை நாள் தனக்கென்று நினைத்திருந்த அந்த முகத்தை அவள் ஒரு கணம் பார்த்தாள். அவர் அவளைத் தாண்டிக்கொண்டு படியேறினார்.

கட்டிய சேலையோடு தன் சொந்த அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வயலின் அந்த அறையிலேயே கிடந்தது. போய் எடுத்துவர அவளுக்குத் துணிவில்லை.

பயம் நாளாக ஆகக் குறைந்தது. மற்றது குறையவில்லை. அவர் ஏமாற்றியதைக்கூட ஒருநாள் மறந்துவிடலாம். அந்தச் சந்தோஷம் ஏமாற்றியதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அத்தனையிலும் ஒரு சுரமாவது தன்னுடையதாக இருந்திருக்குமா என்று பாத்திரம் கழுவும்போது யோசிப்பாள். இருந்தாலும் எது என்று எப்படித் தெரியும்? கூடத்துக்குப் போவதை விட்டாள். ஒரு தந்தியைக்கூடத் தொடாமல் மழைக்காலம் முடிந்து வெயில் வந்தது.

ஒரு காலையில் காபி கொண்டுவந்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

"கழுத்துல என்னடி?"

கண்ணாடியில் போய்ப் பார்த்தாள். வருஷக்கணக்காக வயலின் அழுத்தி இடது தாடைக்குக் கீழே விழுந்திருந்த கறுப்புத் தழும்பு அநேகமாக மறைந்துவிட்டிருந்தது.

வலது தாடைக்குக் கீழே புதிதாக ஒன்று இருந்தது. தோல் உரிந்து, சிவந்து, இன்னும் ஈரம் காயாமல், ராத்திரி முழுக்க வாசித்தவளுக்கு இருப்பது போல.

அந்தப் பக்கம் அவள் வயலினை வைத்ததே இல்லை.