கண்ணாடி அறையில் காணாமல் போன பெட்டி

காலை 6.40. மலைமேல் அரியூர் நாட்டில் தனசேகரனின் பழைய மிளகுக் குடோனைத் திறந்த சின்னாயி, உள்ளே போன வேகத்தில் வெளியே ஓடி வந்தாள். சுவரில் தொங்கிய மரப்பெட்டியைக் காணோம்.

காலை 7.35. எஸ்.ஐ. ராஜேஸ்வரி ஜீப்பை விட்டு இறங்கினாள். புகாரைக் கேட்டதிலிருந்தே அவளுக்குள் குறுகுறுவென்று இருந்தது. நகை இல்லை, பணம் இல்லை. போனது ஒரு பெட்டி நிறையக் காகிதம். இதற்காக ஒருத்தன் மெனக்கெடுவானா?

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த கலைஞர் கௌசிகா விளக்கினாள். குடோன் முழுக்கக் கண்ணாடி பதித்திருக்கிறாள். ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் பத்து நிமிடம் தன்னையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். 'உங்களுக்கே நீங்கள் சொல்லாமல் வைத்திருப்பது என்ன?' என்று சுவரில் ஒரு கேள்வி. பதிலைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பெயர் எழுத வேண்டாம். கடைசி நாளான இன்று பதினொரு மணிக்குப் பெட்டியைத் திறந்து, ஊர் முன்னால் எல்லாச் சீட்டையும் படித்து, வாசலில் ஒட்டி வைப்பதாக ஏற்பாடு.

"பூட்டு உடையல மேடம். சாவி மூணுதான். என் உதவியாளர் சதீஷ்குமார்கிட்ட ஒண்ணு, குடோன்காரர் தனசேகரன்கிட்ட ஒண்ணு, கூட்டித் துடைக்கிற இந்தம்மாகிட்ட ஒண்ணு. நேத்து சாயந்தரம் ஆறு மணிக்குத் துடைச்சுப் பூட்டினதும் இவங்க, காலையில திறந்ததும் இவங்க."

சின்னாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "புதன்கெழமை எம் பொண்ணைப் பாக்க வாராங்க அம்மணி. திருடின்னு பேரு வந்துட்டா யாருங்க எங்கூட்டுப் படியேறுவாங்க?"

"ஏதோ தெரியாம எடுத்திருப்பா, உட்ருங்க மேடம்" என்றார் தனசேகரன், பெருந்தன்மையாக. ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுக்கும் மனிதர். அவர் எழுத்தைப் பார்த்ததுமே யாரும் சொல்லிவிடுவார்கள்.

சதீஷ்குமார் விரல்களைத் தேய்த்துக்கொண்டே நின்றான். விரல் நுனியெல்லாம் கறுப்பாய்ப் பிசுபிசுத்தது.

"என்ன கையில?"

"நேத்து ராத்திரி எட்டு மணிக்கு தனசேகரன் சார் வீட்ல பலாப்பழம் மேடம். சோப்பு போட்டும் போகல."

தனசேகரன் சிரித்தார். "தொடறதுக்கு முன்னால வெளக்கெண்ணெய் தடவிக்கணும் தம்பி. நாலு பழம் வெட்டுனேன், எங் கையப் பாருங்க."

ராஜேஸ்வரி பார்த்தாள். கை சுத்தமாகத்தான் இருந்தது.

காலை 8.10. குடோன் கதவைத் திறந்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தொப்பியோடு ஒரு ராஜேஸ்வரி நின்றாள். அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் சமாளிப்பது அவளுக்கே சிரமமாக இருந்தது. கண்ணாடியின் அடியில் குங்குமம், எலுமிச்சம்பழம்.

"சொன்னா கேக்கறதில்ல" என்று சலித்துக்கொண்டாள் கௌசிகா.

"சாமி இருக்கற எடம்னு நெனச்சோமுங்க" என்றாள் சின்னாயி. "கோயில் வேல்ல பிராது எழுதிக் கட்டுவோமில்லீங்களா, அந்த மாதிரிதான் எல்லாரும் எழுதிப் போட்டோம். ஆட்டைப் புடிச்சுட்டுப் போனவனைக் கேளு, வாய்க்காலை அடைச்சவளைக் கேளுன்னு."

கௌசிகாவுக்கு முகம் தொங்கிப் போயிற்று. தன்னைப் பார்க்கச் சொன்னால் ஊரே அடுத்தவரைப் பார்த்திருக்கிறது!

"அதைப் படிச்சா பயமில்லையாக்கா?" என்று கேட்டாள் ராஜேஸ்வரி.

"ஞாயந்தானுங்களே கேக்கறோம்? எதுக்குப் பயம்?"

அதற்குள் கதவு வழியே பனி உள்ளே வந்து கண்ணாடிகளில் படிந்தது. ராஜேஸ்வரிகள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். பெட்டி தொங்கிய ஆணிக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் உள்ளங்கை அளவுக்குப் பனி ஒட்டவில்லை. ஐந்து விரலும் தெளிவாகத் தெரிந்தன. முகர்ந்தாள். விளக்கெண்ணெய்.

"எண்ணெய்க் கைங்க" என்றாள் சின்னாயி. "சாயந்தரம் தொடச்சாலும் கண்ணுக்குத் தப்பி தெனமும் ரெண்டு மூணு இருக்கும். பனி ஏறுனாத்தான் தெரியும், வெயில் வந்தா மறைஞ்சிரும். காலையில பாத்து ஒருக்கா தொடச்சிருவேன். இன்னிக்குத்தான் பெட்டியைக் காணோம்னு பயந்து ஓடியாந்துட்டேன்."

காலை 9.20. எல்லோரையும் குடோன் வாசலில் நிறுத்தினாள் ராஜேஸ்வரி.

"பெட்டியை எட்டி எடுக்கும்போது ஒரு வெளக்கெண்ணெய்க் கை கண்ணாடியில் ஊணியிருக்கு. சதீஷ்குமார் கையா இருந்தா பலாப்பிசின்தான் ஒட்டியிருக்கும், எண்ணெய் இல்ல. சின்னாயியக்கா எடுத்திருந்தா, பனியில் தடம் தெரியும்னு அவங்களுக்குத் தெரியும். 6.40க்குத் தனியாத்தான் நின்னாங்க. தொடச்சிட்டுக் கத்தியிருக்கலாம். விட்டுட்டு ஓடியிருக்காங்க. காலைப் பனியில இந்த ரூமைப் பாத்தே இராத ஒருத்தர்தான் கையை அப்படியே விட்டுட்டுப் போவார்."

ராஜேஸ்வரி தனசேகரன் பக்கம் ஓர் அடி வைத்தாள்.

"அடுத்தவங்க மேல பிராது எழுதினவங்களுக்குப் பயமில்ல. இந்த ஊர்ல ஒரே ஒருத்தர்தான் கேள்விக்குச் சரியாப் பதில் எழுதியிருக்கார், தன்னைப் பத்தியே. கையெழுத்தை ஊரே கண்டுபிடிச்சிடும்னு அப்புறம்தான் உறைச்சிருக்கு. இல்லீங்களா தனசேகரன்?"

தனசேகரனின் பெருந்தன்மை போன இடம் தெரியவில்லை. "பத்து நிமிசம் எம் மூஞ்சியையே பாத்தனுங்க. கை தானா எழுதிருச்சு" என்றார். பெட்டி அவர் வீட்டு மிளகு மூட்டைக்குப் பின்னால் இருந்தது. சீட்டு மட்டும் சட்டைப் பையில். கிழிக்க அவருக்கு மனம் வரவில்லையாம்.

"படிங்க" என்றாள் ராஜேஸ்வரி.

அவர் சீட்டைப் பிரித்தார். "சின்னாயி புருசன் செத்த வருசம், அவங்க வயல் எல்லைக்கல்லை எட்டு அடி உள்ள தள்ளி நட்டது நாந்தான்."

சின்னாயி அவரையே பார்த்தாள். "எப்பவும் விடற அளவு விட்டும் வருசா வருசம் நாத்து மிஞ்சுதுங்க. அவரு போனப்பறம் எனக்குத்தான் நடத் தெரியலைன்னு நெனச்சுட்டிருந்தேன்."

தனசேகரன் சீட்டை மடித்தார்.

"இப்பவே போய்க் கல்லைப் பழைய எடத்துல நட்டுடறேன் சின்னாயி."

"கல்லை அப்பறம் நடலாங்க. பதினோரு மணிக்கு ஊரே வரும். பெட்டியை எடுத்தது நானில்லை, நீங்கன்னு உங்க வாயால சொல்லுங்க. எனக்கு மொதல்ல அது வேணும்."

காலை 11.00. குடோன் வாசலில் கூட்டம் உட்கார்ந்திருந்தது. தனசேகரன் எழுந்து நின்றார்.